கோர்ட் ஏலத்தில் போன நிலம்: உரிமைத் தகராறு வந்தால் என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

என் தாய்மாமா வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. கிரயப் பத்திரம், கிஸ்தி ரசீதுகள், பழைய பட்டா எல்லாம் அதற்குள் பாலித்தீன் பையில் பத்திரமாக இருந்தன. அந்த நிலம் கோர்ட் ஏலத்தில் போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது என்பது, கோர்ட் ஊழியரான அமீனா, நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி வாரண்ட்டோடு வரப்பின் மேல் வந்து நின்ற அன்றுதான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. மாமாவுக்கு முன்பே தெரியும். புரோநோட்டுக் கடனை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, கோர்ட்டிலிருந்து வந்த கவர்களை அதே பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தார். நான்கு கவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அந்த வழக்குக்காகக் கோர்ட்டுக்கு நடந்த காலத்திலும், பிறகு நானே வக்கீலான பின்பும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: கோர்ட் ஏலத்தில் நிலம் போனவரும் சரி, எடுத்தவரும் சரி, நடுவில் மாட்டிக்கொண்ட பங்காளியும் சரி, பெரும்பாலும் நியாயம் இல்லாமல் தோற்பதில்லை, நாள் தவறித் தோற்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வாதங்களைவிடத் தேதிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் சிவில் நீதிமன்றம் ஒரு கடனுக்காக நிலத்தை ஏலம் விட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். வங்கி, வாராக்கடன் வசூலுக்கான சர்பாசி சட்டத்தின் கீழ் தானே நடத்தும் ஏலத்துக்கு வழி வேறு. அதற்குக் கடன் வசூல் தீர்ப்பாயம் போக வேண்டும், கெடு 45 நாள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோர்ட் ஏலம் எதைக் கொடுக்கிறது?

"கோர்ட்டே வித்துக் கொடுத்தது, இனிமே யார் கேக்க முடியும்?" என்று ஏலம் எடுத்தவர் சொல்வார். இந்த நம்பிக்கைதான் பாதித் தகராறுகளுக்கு வேர்.

நீதிமன்றம் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. கடனாளிக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை இருந்ததோ, எந்த அளவு இருந்ததோ, அது மட்டும்தான் ஏலத்தில் கைமாறும். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அந்த ஒரு பங்கு. நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால் அடமானத்தோடு சேர்த்து. ஒன்றுமே இல்லை என்றால் ஒன்றுமே இல்லை. தனியாரிடம் வாங்கும்போது, உரிமையில் குறை வந்தால் நான் பொறுப்பு என்று விற்பவர் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பார். கோர்ட் ஏலத்தில் அப்படி எழுதித் தர யாரும் இல்லை.

முதல் படி: ஈ.பி. கட்டை, அதாவது வழக்குக் கோப்பை, கையில் எடுங்கள்

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே இதைத் தொடங்கலாம். கடன் கொடுத்தவர் முதலில் பணத்துக்கு வழக்குப் போட்டு டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கியிருப்பார்; அது ஓ.எஸ். எண். பிறகு அந்த டிக்ரியை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டிருப்பார், அது ஈ.பி. எண். இடையில் வரும் சின்ன மனுக்கள் ஈ.ஏ. எண்கள். இவை தெரியவில்லை என்றால், இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடலாம். பழைய வழக்கென்றால் அதில் ஏறாமல் இருக்கக்கூடும். அப்போது கோர்ட்டுக்கே நேரில் போய்ப் பதிவேட்டில் பார்க்க வேண்டியதுதான்.

எண் கிடைத்ததும் நகல் மனு போட்டு இவற்றை வாங்குங்கள்: டிக்ரி, ஈ.பி. மனு, ஜப்தி (நிலத்தைக் கோர்ட் முடக்கி வைக்கும்) உத்தரவும் அதற்கான அமீனா அறிக்கையும், ஏல அறிவிப்பு, அது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதற்கான (சார்வு) அறிக்கை, ஏலப் பட்டியல், பணம் கட்டிய சலான், ஏலத்தை உறுதி செய்த உத்தரவு, விற்பனைச் சான்று, டெலிவரி அறிக்கை. நாட்குறிப்பு போல ஒவ்வொரு வாய்தாவிலும் நீதிபதி எழுதும் குறிப்புகளின் நகலையும் மறக்காமல் கேளுங்கள். பல வழக்குகளின் உயிர் அந்தக் கையெழுத்து வரிகளில்தான் இருக்கிறது.

கூடவே வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்). ஒரு எச்சரிக்கை: ஜப்தி உத்தரவு எப்போதும் வில்லங்கத்தில் ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம். கோர்ட்டிலிருந்து சார்பதிவாளருக்குத் தகவல் போயிருந்தால்தான் ஏறும். "வில்லங்கம் சுத்தமா இருந்துச்சு சார்" என்று சொல்லி நிலம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இரண்டாம் படி: ஒரு தாளில் தேதிகளை எழுதுங்கள்

கட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை இதுவே. உதாரணத்துக்கு ஜூன் 10 அன்று ஏலம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஏலத்தொகையில் 25 சதவீதம் அன்றே, அங்கேயே கட்டியிருக்க வேண்டும். மீதி, ஏலம் நடந்ததிலிருந்து 15-ஆம் நாள், அதாவது ஜூன் 25 அன்று நீதிமன்றம் மூடுவதற்குள் வந்திருக்க வேண்டும். ஏலத்தை ரத்து செய்யச் சொல்லும் மனுவுக்கு 60 நாள். ஆகஸ்ட் 9-ஓடு முடிகிறது. அதற்குள் யாரும் வரவில்லை என்றால் நீதிமன்றம் ஏலத்தை உறுதி செய்யும். ஆகஸ்ட் 20-இல் உறுதி செய்தால், ஏலம் எடுத்தவர் சுவாதீனம் கேட்டு, அதாவது நிலத்தைத் தன் கையில் ஒப்படைக்கக் கேட்டு, மனு போட அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 வரை, ஒரே ஒரு வருடம். யாரையாவது நிலத்தைவிட்டு வெளியேற்றிவிட்டால், கடனாளி அல்லாத அவர் திரும்ப உள்ளே வர மனு போட 30 நாள்.

இந்தக் கெடுக்களில் ஒரு கொடுமை உண்டு. சாதாரண மனுக்களில் தாமதம் ஆனால், காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லலாம். காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. ஆனால் டிக்ரி நிறைவேற்றம் பற்றிய மனுக்களை, சிவில் நடைமுறைச் சட்டத்தில் வக்கீல்கள் 'ஆர்டர் 21' என்று சொல்லும் பகுதியின் கீழ் வருபவற்றை, அந்தப் பிரிவே வெளியே நிறுத்திவிட்டது. 61-ஆம் நாள் மருத்துவச் சான்றிதழோடு போய் நின்றாலும் ஏலத்தை ரத்து செய்யும் மனு எடுபடாது. எதிர்த்தரப்பு மோசடி செய்து விஷயத்தை மறைத்தது என்று நிரூபித்தால் மட்டும், மோசடி தெரிய வந்த நாளிலிருந்து கெடு ஓடும்.

மூன்றாம் படி: நீங்கள் யார்?

ஒரே நிலம், ஒரே ஏலம். ஆனால் கடனாளிக்கு ஒரு வழி, கடனுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் நபருக்கு இன்னொரு வழி, ஏலம் எடுத்தவருக்கு வேறொரு வழி. தவறான வழியில் மனு போட்டு இரண்டு வருடம் போன பிறகு சரியான வழிக்கு வந்தால் கெடு முடிந்திருக்கும். கீழே தனித்தனியாகப் பார்க்கலாம்.

கடனாளியும் அவர் வாரிசுகளும்: ஏலத்துக்கு முன்

இன்னும் ஏலம் நடக்கவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. கையில் கருவிகள் நிறைய இருக்கின்றன.

முதலில் டிக்ரியைப் பாருங்கள். ஒருதலைப்பட்சமாக, நீங்கள் ஆஜராகாமலே ஆன டிக்ரியா? அதை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனு போடலாம். சம்மனே முறையாக வரவில்லை என்றால் டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். இங்கே தாமதத்தை மன்னிக்கச் சொல்ல இடம் உண்டு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்றால், உரிய ஜாமீன் கொடுத்து ஏலத்தை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். அப்பீல் போட்டாயிற்று என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். தடை வாங்காத அப்பீல் ஏலத்தை நிறுத்தாது.

கடன் உண்மைதான், கொடுக்கவும் மனம் இருக்கிறது, பணம்தான் புரளவில்லை என்றால் ஆர்டர் 21-இல் விதி 83 இருக்கிறது (இனி வரும் விதி எண்கள் எல்லாம் இந்த ஆர்டரில் உள்ளவை). நிலத்தில் ஒரு பகுதியைத் தனியாக விற்றோ அடமானம் வைத்தோ கடனைக் கட்ட அவகாசம் தாருங்கள் என்று கேட்கலாம். அடமான டிக்ரிக்கு இது பொருந்தாது. புரோநோட்டு போன்ற சாதாரணப் பண டிக்ரிக்குப் பொருந்தும். ஏலத்தில் போகும் விலைக்கும் நீங்களே விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இந்த மனுவைப் போடுபவர்கள் குறைவு. கோர்ட் அனுமதி இல்லாமல் மட்டும் விற்றுவிடாதீர்கள். ஜப்திக்குப் பிறகு செய்யும் தனியார் விற்பனை, ஜப்தியின் கீழ் வரும் கோரிக்கைகளுக்கு எதிராகச் செல்லாது.

நிலத்தை உழுது பிழைப்பவர் என்றால் அவர் குடியிருக்கும் வீடு, மாட்டுக்கொட்டகை, அவற்றின் அடிமனை ஆகியவற்றைச் சாதாரணக் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு. விளைநிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஏல அறிவிப்பு தயாராவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அப்போது எழுப்பியிருக்கக்கூடிய ஆட்சேபத்தை ஏலத்துக்குப் பிறகு எழுப்ப விதி 90 இடம் தருவதில்லை.

அப்புறம் மிக முக்கியமான ஒன்று. கடனுக்கு எவ்வளவு நிலம் போதுமோ அவ்வளவைத்தான் விற்க வேண்டும். 64-ஆம் விதி 'தேவையான பகுதி' என்கிறது. ஆந்திராவில் சுமார் 2,400 ரூபாய்க் கடனுக்கு 10 ஏக்கரும் ஏலம் போன அம்பாட்டி நரசய்யா வழக்கில், இது நீதிமன்றம் விரும்பினால் செய்கிற சலுகை இல்லை, கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொன்னது. உங்கள் நிலம் மூன்று சர்வே எண்களில் இருக்கிறது, ஒன்றை விற்றாலே கடன் அடையும் என்றால், சந்தை மதிப்புக்கான ஆதாரத்தோடு அதை எழுத்தில் கொடுங்கள்.

கடனாளி: ஏலம் முடிந்த பிறகு

60 நாளுக்குள் இரண்டு கதவுகள்.

ஒன்று விதி 89. காரணம் எதுவும் காட்ட வேண்டாம், பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கலாம். ஏல அறிவிப்பில் கண்ட கடன் தொகையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5 சதவீதமும் கட்ட வேண்டும். நிலம் 12 லட்சத்துக்குப் போனது, அறிவிப்பில் கண்ட கடன் 3,80,000 என்றால், கடன் 3,80,000-உம் 5 சதவீதமான 60,000-உம் சேர்த்து 4,40,000 ரூபாய். மனு மட்டும் போட்டால் போதாது. பணமும் அந்த 60 நாளுக்குள் டெபாசிட் ஆக வேண்டும். நகையை விற்றாவது, உறவுக்காரர்களிடம் கேட்டாவது இதைச் செய்ய முடியுமானால் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பத்து வருடம் வழக்கு நடத்தும் செலவும் மனவேதனையும் இதைவிட அதிகம்.

இரண்டாவது விதி 90. ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ பெரிய முறைகேடு அல்லது மோசடி நடந்தது, அதனால் எனக்குக் கணிசமான நட்டம் என்று காட்ட வேண்டும். இரண்டும் வேண்டும்: முறைகேடும், அதனால் விளைந்த நட்டமும். விலை குறைவு என்பதை மட்டும் சொன்னால் மனு தள்ளுபடி. இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. விதி 90 மனுவைத் திரும்பப் பெற்றால்தான் விதி 89-க்கு வரலாம்.

முறைகேட்டை எங்கே தேடுவது? ஒரு கட்டை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

முதலில் நோட்டீஸ். டிக்ரி ஆகி இரண்டு வருடத்துக்கு மேல் போன பிறகு ஈ.பி. போட்டிருந்தால், அல்லது கடனாளி இறந்து வாரிசுகள் மேல் போட்டிருந்தால், விதி 22-இன்படி முன் நோட்டீஸ் வேண்டும். ஏல அறிவிப்பின் விவரங்களை முடிவு செய்யும்போதும் கடனாளிக்கு நோட்டீஸ் வேண்டும். அந்த நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'கதவு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது' என்று எழுதியிருக்கும். தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா? வேலைக்கு வேறு ஊர் போயிருந்தீர்களா? ஒட்டியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் உங்கள் ஊர்க்காரர்களா?

அடுத்து தமுக்கு. ஜப்தியையும் ஏலத்தையும் நிலத்தருகே தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவித்து, நகலை நிலத்திலும் கோர்ட் பலகையிலும், தீர்வை கட்டும் நிலமென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், கிராமமென்றால் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அமீனா அறிக்கையில் தமுக்கடித்தவர் பெயர் இருக்கும். நான் பார்த்த ஒரு கட்டில், தமுக்கடித்தவராகக் கைநாட்டு வைத்திருந்தவர் அந்தத் தேதிக்கு ஐந்து மாதம் முன்பே இறந்திருந்தார். இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தது அவருடைய மகள். அந்த ஒரு தாள், மற்ற எல்லா வாதங்களையும்விட அதிகம் பேசியது.

அறிவிப்பைக் கோர்ட்டில் ஒட்டி 15 நாள் ஆகும் முன் ஏலம் நடந்திருந்தால் அதுவும் குறை. ஏலத்தை 30 நாளுக்கு மேல் ஒத்திவைத்துவிட்டு, புது அறிவிப்பு இல்லாமல் நடத்தியிருந்தாலும் குறை. ஆனால் 'புது அறிவிப்பு வேண்டாம்' என்று கடனாளியே எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வாதம் போய்விடும். அவகாசம் கேட்கும் மனுவில் இந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது வழக்கத்தில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அறிவிப்பின் உள்ளே மதிப்பு என்ன போட்டிருக்கிறது? டிக்ரிதாரர், அதாவது டிக்ரி வாங்கிய கடன் கொடுத்தவர், சொன்ன மதிப்பு மட்டும் இருந்து, உங்கள் மதிப்பு விடுபட்டிருக்கிறதா? கிணறு, மோட்டார், தென்னை பற்றிய பேச்சே இல்லாமல் 'புஞ்சை' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறதா? டிக்ரிதாரரே ஏலம் எடுத்திருந்தால், கோர்ட் அனுமதி வாங்கியிருக்கிறாரா?

கடைசியாகப் பணம். 25 சதவீதம் அன்றே கட்டவில்லை, அல்லது மீதி 15 நாளுக்குள் வரவில்லை என்றால் அது வெறும் முறைகேடு இல்லை. அந்த ஏலமே ஏலமில்லை என்று உச்ச நீதிமன்றம் மணிலால் மோகன்லால் ஷா வழக்கில் 1954-லேயே தீர்த்துவிட்டது. அவகாசத்தை நீட்டித்துக் கொடுக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. சலானில் இருக்கும் வங்கி முத்திரைத் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மாமா வழக்கில் இவற்றில் மூன்று குறைகள் இருந்தன. நாங்கள் கட்டைப் பார்த்தபோது 60 நாள் கெடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த நிலையில் என்ன மிச்சம்? டிக்ரி ஒருதலைப்பட்சமானது என்றால் அதைத் தாக்கலாம். ஏலம் சட்டப்படி அடியோடு செல்லாதது என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 47-ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்தில் எழுப்பலாம். இரண்டும் குறுகலான வழிகள்தான். நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நபர்: கடன் என்னுடையது இல்லை, நிலம் என்னுடையது

பங்காளி, அக்கா தங்கை, ஜப்திக்கு முன்பே கிரயம் வாங்கியவர், அடமானம் பிடித்தவர், குத்தகைதாரர் எல்லாம் இந்த வரிசை.

ஏலத்துக்கு முன் என்றால் விதி 58-இன்படி ஆட்சேப மனு. உரிமை பற்றிய கேள்வி முழுவதையும் அதே நீதிமன்றம் விசாரித்து முடிவு சொல்லும். அந்த உத்தரவு டிக்ரிக்குச் சமம், அப்பீல் போகலாம். வேண்டுமென்றே தாமதித்தீர்கள் என்று கருதினாலோ, ஏலம் நடந்து முடிந்துவிட்டாலோ மனுவை எடுக்க மாட்டார்கள்.

ஜப்திக்கு முன் கிரயம் எழுதி, பதிவு மட்டும் ஜப்திக்குப் பின் நடந்திருந்தால்? அவதியப்ப பத்தருக்கு எதிராக ஹம்தா அம்மாள் நடத்திய தமிழ்நாட்டு வழக்கில் கிரயம் எழுதிய நாள்தான் கணக்கு, ஜப்தி அதை ஒன்றும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜப்திக்கு முன்பே பதிவான கிரய ஒப்பந்தம் இருந்தால், அதன்படி பின்னர் நடக்கும் கிரயத்துக்கும் 2002 திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. பதிவாகாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர் சங்கடத்தில் இருக்கிறார்.

பூர்வீகச் சொத்து விஷயம் நம் ஊரில் அதிகம். அப்பா வாங்கிய கடனுக்கு மொத்த நிலமும் ஏலம் போயிருக்கும். தமிழ்நாட்டில் 25.3.1989 முதலும், நாடு முழுக்க 9.9.2005 முதலும் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டம் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விட்டிருந்தது, 2005 திருத்தம் அந்தப் பாகுபாட்டைப் பார்க்கவில்லை. தகப்பன் கடனை மகன் அடைப்பது தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை வைத்து, 9.9.2005-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு மகன், பேரன் பங்கைத் தொட முடியாது. ஆனால் குடும்பத் தேவைக்காகக் குடும்பத் தலைவராக இருந்து வாங்கிய கடன் என்றால் அது எல்லாப் பங்கையும் கட்டும். ஆகவே வழக்கு, கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதில் போய் நிற்கும். ஆஸ்பத்திரிச் செலவா, கல்யாணமா, அவர் தனியாக நடத்திய வியாபாரமா என்பதற்கு ஆதாரம் தேடுங்கள்.

ஒருவருடைய பிரிக்கப்படாத பங்கை ஏலம் எடுத்தவர், நேராக வந்து வேலி போட முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத் தன் பங்கைப் பிரித்து வாங்க வேண்டும்.

அமீனா வந்துவிட்டார் என்றால், கைகலப்பு வேண்டாம். அமைதியாக உங்கள் உரிமையைச் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, அவருடைய அறிக்கையில் எதிர்ப்பைப் பதிய வையுங்கள். எதிர்ப்பு வந்தால் ஏலம் எடுத்தவர் 30 நாளுக்குள் விதி 97-இன்படி மனு போட வேண்டும். அதில் உங்கள் உரிமை முழுதாக விசாரிக்கப்படும். அவர் போடாவிட்டாலும், வெளியேற்றப்படும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பிரம்மதேவ் சௌத்ரி வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிந்தைய தீர்ப்பில் இதைக் குறுக்கிப் பார்த்ததும் உண்டு என்பதால், எந்த அடிப்படையில் மனு என்பதை வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள். வெளியேற்றிவிட்டால் விதி 99, 30 நாள். வழக்கு நடக்கும்போது கடனாளியிடமிருந்து வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இந்த மனுக்களில் எழும் உரிமைக் கேள்வியைத் தனி வழக்காகப் போட முடியாது. விதி 101 தடுக்கிறது. 'தனியாக ஓ.எஸ். போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால், இந்த விதியைக் காட்டிக் கேளுங்கள். நோட்டீஸும் வராமல், சுவாதீனத்தையும் இழக்காமல், காகிதத்தில் மட்டும் உங்கள் நிலம் வேறொருவர் பெயருக்குப் போயிருந்தால் நிலம் என்னுடையது என்று அறிவிக்கக் கேட்கும் உரிமை விளம்பல் வழக்குக்கு இடம் உண்டு. அதில் டிக்ரிதாரரையும் கடனாளியையும் ஏலம் எடுத்தவரையும் கட்டாயம் கட்சி சேர்க்க வேண்டும்.

ஏலம் எடுத்தவர்

உங்கள் பணமும் உழைத்துச் சேர்த்ததுதான். ஏலத்துக்குப் போகும் முன் நிலத்துக்கு நேரில் போங்கள். யார் உழுகிறார், யார் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அறிவிப்பின் சொத்து விவரத்தில் உள்ள நான்கு மாலையும் (எல்லைகளையும்) புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். பழைய சர்வே எண்ணைப் போட்டு, உட்பிரிவைக் குறிப்பிடாமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அதே பிழை விற்பனைச் சான்றிலும் ஏறி, பட்டா மாற்றப் போகும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் வந்து முட்டும்.

கடனாளிக்கு அந்த நிலத்தில் விற்கக்கூடிய உரிமையே இல்லை என்று தெரிய வந்தால் விதி 91-இன்படி 60 நாளுக்குள் ஏலத்தை ரத்து செய்யக் கேட்டு, பணத்தைத் திரும்பப் பெறலாம். பிறகு மூன்றாம் நபர் போட்ட வழக்கில் நிலம் கைவிட்டுப் போனால், டிக்ரிதாரர் பணத்தைத் திருப்பித் தர அந்த நீதிமன்றம் உத்தரவிட விதி 92 வழி செய்கிறது.

உறுதி உத்தரவு வந்த நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். விற்பனைச் சான்று கைக்கு வரட்டும், அப்புறம் டெலிவரி கேட்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு வருடக் கெடு ஏலம் உறுதியான நாளிலிருந்துதான் ஓடும், சான்று வந்த நாளிலிருந்து இல்லை. பட்டம் காதர் கான் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சான்று தாமதமானால் டெலிவரி மனுவைப் போட்டுவிட்டுச் சான்றுக்கு அழுத்துங்கள். கெடு போனால் உரிமை காகிதத்தில் இருக்கும், நிலம் கைக்கு வராது.

பதிவுச் சட்டம் 89-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சார்பதிவாளருக்கு விற்பனைச் சான்றின் நகலை அனுப்ப, அவர் முதல் புத்தகத்தில் கோர்க்க வேண்டும். அது நடந்ததா என்று விடாமல் கேளுங்கள். கோர்த்தால்தான் வில்லங்கத்தில் தெரியும். அதன்பிறகு பட்டா மாற்ற மனு. வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் அப்பீல். பட்டா உரிமைப் பத்திரம் இல்லை என்பதை இருதரப்பும் நினைவில் வையுங்கள். அது உங்கள் பேரில் இருப்பதால் வழக்கு முடிந்துவிடாது.

டிக்ரியே பின்னால் ரத்தானால்

கடன் வழக்கில் கடனாளி அப்பீலில் ஜெயித்துவிட்டார். ஆனால் நிலம் ஏலத்தில் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. டிக்ரிதாரரே எடுத்திருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 144-ஆம் பிரிவின்படி திருப்பித் தர வேண்டும். அவரிடமிருந்து வாங்கியவருக்கும் பாதுகாப்பு இல்லை. எந்தச் சம்பந்தமும் இல்லாத வெளியாள், நல்லெண்ணத்தோடு எடுத்திருந்தால் பொதுவாக அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அப்பீல் நிலுவையில் இருப்பது தெரிந்தே எடுத்த வெளியாளுக்கு அது கிடைக்காது. தமிழ்நாட்டிலிருந்து போன சின்னம்மாள் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். ஆகவே அப்பீல் நிலுவையில் இருந்தும் தடை கிடைக்காத கடனாளி, ஏல நாளன்று நேரில் போய், அப்பீல் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, ஏலம் கேட்க வந்தவர்கள் காதில் விழும்படி வாசிக்கச் சொல்ல வேண்டும். பிறகு 'எனக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது.

செலவும் உதவியும்

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

போகும்போது தேதித் தாளை முதலில் மேசையில் வையுங்கள், கதையைப் பிறகு சொல்லுங்கள். வீட்டில் பிரிக்காத கோர்ட் கவர் ஏதாவது இருந்தால் இன்றைக்கே பிரித்து, வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, கவரோடு சேர்த்து எடுத்துப் போங்கள். தபால் முத்திரையும் சாட்சிதான்.